ஐந்தாம் பூச்சு

பருத்தித்துறை. கொம்பிரசர் வந்து இறங்கிவிட்டது
குருநாகலில் இருந்து, நாள் வாடகைக்கு.
மணல் மூட்டை அறுபது, தறப்பாளுக்குக் கீழே.
குழாயைத் தோளில் போட்டபடி சமிந்த ரீ குடிக்கிறான்.
அவனுக்கு இன்னும் முகமூடி வரவில்லை.

"நேற்றே நான் ரெஸ்ற் பண்ணீற்றன், தங்கச்சி"
என்கிறார் ஒப்பந்தக்காரர் அருட்பிரகாசம்.
"குச்சி மஞ்சளாத்தான் நிண்டது. ஒரு சிவப்பும் இல்லை."

மேல் பூச்சிடம் மட்டும் கேட்டிருக்கிறார்.
அது போன தேர்தலுக்கு முதல் மாதம் அடித்த கிறீம் நிறம்.
அதற்கு ஒன்றும் தெரியாது.

கத்தியைச் சரித்து வெட்டினேன்,
பாணில் மூலை எடுப்பதுபோல.
கிறீம்.
கீழே வெளிர் நீலம், நிவாரண அரிசி அடுக்கிய காலம்.
கீழே பச்சை.
பச்சை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.
சமிந்த கோப்பைக்குள் பார்த்தான்.
கீழே மண்ணிறம், கூட்டுறவுச் சங்கத்து மண்ணிறம்.
அதற்கும் கீழே, சுண்ணாம்பை ஒட்டி,
தடித்த எண்ணெய்ப் பூச்சு ஒன்று
கறுத்தக்கொழும்பான் சதைபோல மஞ்சளாய்.

குச்சியை நசுக்கி, குலுக்கி,
முப்பது எண்ணித் தேய்க்க வேண்டும்.
பதினேழில் சிவந்தது.
செவ்வரத்தம்பூவை விரலில் நசுக்கின சிவப்பு.

"ஈயம்தானே" என்கிறார்.
"ஈயம் பூசின சட்டியில சமைச்சுத்தானே
எங்கட சனம் சீவிச்சது."
அது வெள்ளீயம், ஐயா. இது காரீயம்.
தமிழ் இரண்டையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
கூடாத சொல் கேட்டால்
காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல என்போமே, அந்த ஈயம்.
இங்கே அது காதுவழி வராது.

மணலை அழுத்தத்தில் அடித்தால்
ஐந்து காலமும் ஒரே புகை.
சோளகம் வீசுகிறது.
மதிலுக்கு வடக்கே முன்பள்ளி, இருபத்தெட்டுப் பிள்ளைகள்,
மூடியில்லாத கிணறு.
எங்கள் தரை சுண்ணாம்புக்கல்;
மேலே ஊற்றிய எதையும் அது தடுத்து வைத்ததில்லை.
உன் கிணறு என் கிணறு என்பதெல்லாம்
கப்பிவரைக்கும்தான்.

ரொறன்ரோவில் நள்ளிரவு. வீடியோவில் சொந்தக்காரர்.
"எனக்கு அந்தக் கல்லுத் தெரியோணும்.
வெறும் பவளக்கல்லு. கெஸ்ற் ஹவுஸ் எண்டால் அதுதான் வடிவு."
தெரியும், அண்ணா. நனைத்து, கையால் சுரண்டி,
விழுவதை எல்லாம் பொலித்தீனில் கட்டினால் தெரியும்.
"எத்தனை நாள்?"
நாற்பது.
திரை கொஞ்ச நேரம் உறைந்து நின்றது.
சிக்னலா, அவரா, விளங்கவில்லை.

அருட்பிரகாசம் சீமெந்துப் பையில் கணக்குப் போடுகிறார்:
வாடகை, மணல், சமிந்தவின் சாப்பாடு.
எனக்கும் லீசிங் கட்ட இருக்கிறது.
இந்தத் தாளில் 'இல்லை' என்ற பெட்டிக்குள்
ஒரு சரி போட
எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அப்போதுதான் மதில் ஓட்டையால் ஒரு குரல்:
"அன்ரி, சாமான் வாங்குறீங்களோ?"

கடை வைத்திருக்கிறாள்.
பூவரசம் இலையில் மீன், மண்ணில் சீனி.
சிரட்டை நிறையக் காசு:
வெயிலில் உரிந்து மதிலுக்கு அப்பால் விழுந்த செதில்கள்.
நீலப் பக்கம் நூறு, பச்சை ஐந்நூறு.
மஞ்சள் ஐயாயிரம்.
ஏன் மஞ்சளுக்கு மட்டும் அவ்வளவு விலை?
"அது இனிக்கும்" என்றாள்.

மீன் வேண்டாம், காசை விற்பாயா என்றேன்.
யோசித்தாள். காசை யாரும் வாங்க வந்ததில்லை.
என் பேனை, இரண்டு ரொபி, அளவு நாடா.
அளவு நாடாவில்தான் பேரம் முடிந்தது.
கை கழுவி விட்டு ரொபியைச் சாப்பிடு என்றேன்,
எந்தத் தண்ணீரில் என்று சொல்லாமல்.

ஈயம் கனம் என்று படித்தது.
சிரட்டை கனக்கவே இல்லை.
பின்னால் கொம்பிரசரை லொறியில் ஏற்றுகிறார்களா,
இன்னும் இல்லையா, திரும்பிப் பார்க்கவில்லை.
முன்பள்ளிப் படலையில் நிற்கிறேன்.
உள்ளே தர்மினி ரீச்சர் வரவு கூப்பிடுகிறா.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "ஓம்".
இருபத்தெட்டு முடியட்டும்.
இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதை
எந்தச் சொல்லில் தொடங்குவது?